கனடாவில் அகதிகளுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஆங்கிலம் தெரியாத எங்கள் தமிழ் ஆட்களோடு கிளினிக்குக்கும் வைத்தியசாலைக்கும் மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். காத்திருக்கும் கதிரையில் இருந்து என்னிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில் சொல்லச் சொல்ல, இன்றைய சட்டத்தை மட்டும் சொன்னால் விளங்காது, அது எப்படி வந்தது என்றும் சொல்லவேண்டும் என்று பட்டது. அதுதான் இந்தப் பக்கம்.

கனடாவில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் என்றுதானே சொல்கிறார்கள்?

அப்படித்தான் நாங்களும் கேள்விப்பட்டு வந்தோம். சட்டத்தில் எழுதியிருப்பது வேறு. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், மாகாணத்தில் வசிப்பவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்கவேண்டும் என்கிறது. ஆனால் 'வசிப்பவர்' யார் என்று அதே சட்டம் வரையறுக்கிறது: கனடாவில் இருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர், அந்த மாகாணத்தைத் தன் வீடாகக் கொண்டு அங்கே வாழ்பவர். சுற்றுலா வந்தவர், வருகையாளர், இடையில் தங்கிப் போகிறவர் இதில் சேரமாட்டார்கள். புதிதாக வந்தவரை மூன்று மாதம்வரை காக்க வைக்கவும் மாகாணத்துக்கு அனுமதி உண்டு. ஆகவே வருத்தம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் உன் பத்திரம் என்ன என்ற கேள்வி வருகிறது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போவதெல்லாம் அந்த முதல் கேள்வியால் வந்த கதைகள்தான்.

ஆரம்ப காலத்தில் கப்பலில் வந்தவர்களை எப்படி நடத்தினார்கள்?

வைத்தியம் பார்ப்பதைவிட, வியாதி ஊருக்குள் வராமல் மறிப்பதுதான் அப்போது நோக்கம். 1832இல் கொலரா பயத்தில், கியூபெக் நகருக்குக் கிழக்கே சென்ட் லோறன்ஸ் ஆற்றில் உள்ள குறோஸ் ஈல் என்ற தீவில் ஒரு தடுப்பு நிலையம் திறந்தார்கள். 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். பட்டினியோடு கப்பலேறிய சனம் டைஃபஸ் காய்ச்சலோடு வந்து இறங்கியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அந்தத் தீவில் 5,000க்கு மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள்.

ரொறன்ரோவிலும் அதே கோடையில் அதே கதை. அப்போது நகரத்தின் மொத்தச் சனத்தொகையே 20,000 அளவுதான், அந்தக் கோடையில் வந்து இறங்கிய ஐரிஷ்காரர் சுமார் 38,000 பேர். கிங் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்தில் இருந்த வைத்தியசாலை வளவில் பலகைக் கொட்டில்கள் அடித்து நோயாளிகளைக் கிடத்தினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களைப் பார்க்கப் போன வைத்தியர் ஜோர்ஜ் கிறாசெட்டும், நோயாளிகளிடம் போய்வந்த கத்தோலிக்க ஆயர் மைக்கேல் பவரும் அதே காய்ச்சலில் இறந்தார்கள். கிறாசெட்டின் பெயரில் அடிலெய்ட் வீதியில் இப்போது ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. டவுன்டவுனில் வேலைசெய்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் அதைத் தாண்டிப் போகிறார்கள், ஒருநாள் நின்று பெயரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வருத்தம் வந்தால் திருப்பி அனுப்பினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி, வந்து இரண்டு வருடத்துக்குள் ஒருவர் அரசாங்கத்தின் பொறுப்பில் விழுந்தாலோ, வைத்தியசாலையிலோ தர்ம நிறுவனத்திலோ தங்கவேண்டி வந்தாலோ நாடு கடத்தலாம். 1910இல் அது மூன்று வருடமாகி, 1919இல் ஐந்து வருடமானது. வேலையிடத்தில் கை போனவன் வைத்தியசாலைக்குப் போகலாமா விடலாமா என்று யோசித்திருப்பான், இல்லையா? 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இந்த வழியால் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள். 'போனால் பதிந்துவிடுவார்கள், கேஸ் பழுதாகிவிடும்' என்று இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சிலர் வைத்தியரிடம் போகப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து முளைத்ததல்ல.

அப்போது குடியேறியவர்களுக்கு யார்தான் வைத்தியம் பார்த்தார்கள்?

பெரும்பாலும் தேவாலயங்களும் கன்னியாஸ்திரிகளும், அப்புறம் அந்தந்தச் சமூகத்தவர்களும். மொன்றியலில் உள்ள சீன வைத்தியசாலை 1918 ஸ்பானிஷ் காய்ச்சல் காலத்தில் கன்னியாஸ்திரிகளும் சீனர்களும் சேர்ந்து தொடங்கியதுதான். அரசாங்கம் பெரிதாகக் கை கொடுத்ததென்று சொல்லமுடியாது.

ஐஎஃப்எச்பி என்கிற அகதிகளுக்கான திட்டம் எப்போது வந்தது?

பெயரிலேயே 'இடைக்கால' என்று இருக்கிறது: இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டம். அந்த 'இடைக்காலம்' தொடங்கி அறுபது வருடம் தாண்டிவிட்டது. 1957 ஜூனில் மத்திய அமைச்சரவை பிறப்பித்த ஓர் ஆணைதான் இதன் வேர். வந்து இறங்கி வேலையிடத்துக்குப் போய்ச் சேருமுன் சுகவீனமான, கையில் காசில்லாத குடியேற்றவாசிக்கு வைத்தியச் செலவைச் சுகாதாரத் திணைக்களம் கொடுக்கலாம் என்பது ஆணை. 1956இல் ஹங்கேரியில் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு 37,000 பேர்வரை கனடாவுக்கு வந்திருந்த நேரம் அது.

முக்கியமான விஷயம், இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. அமைச்சரவையின் ஆணை. கொடுப்பதும் எடுப்பதும் ஒரு கையெழுத்தில் முடியும். 2012இல் என்ன நடந்தது என்பதற்கு வரும்போது இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இதற்குள் மாகாணங்களில் பொது வைத்தியக் காப்புறுதி வந்துகொண்டிருந்தது. சஸ்காச்சுவான் 1947இல் வைத்தியசாலைக்கும் 1962இல் வைத்தியர் கட்டணத்துக்கும் வழிசெய்தது, 1966இல் மத்திய சட்டம், 1970களின் தொடக்கத்தில் எல்லா மாகாணங்களும். நிரந்தர வதிவிடம் பெற்றவர் இதற்குள் வந்துவிட்டார். பெறாதவர் இடைக்காலத் திட்டத்திலேயே நின்றுகொண்டார்.

எங்கள் ஆட்கள் வந்த காலத்தில் நிலைமை எப்படி?

1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும், குடிமகனாக இல்லாவிட்டாலும், உரிமைகள் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு, அகதிக் கோரிக்கையை நேரில் விசாரிக்கவேண்டும் என்று. அடுத்த வருடம் 1986 ஆகஸ்ட் 11, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர். ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூடுபனிக்குள் அவர்களைக் கண்டு ஏற்றியது கஸ் டோல்ற்றன் என்ற மீனவரும் மற்ற மீன்பிடிப் படகுக்காரரும்தான். அந்த மீனவர்கள் யாருக்கும் பத்திரம் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் ஒன்ராறியோவில் அகதிக் கோரிக்கை வைத்தவருக்கும் ஓஹிப், அதாவது மாகாணத்தின் பொது வைத்தியக் காப்புறுதி, கிடைத்தது. 1994இல் மாகாணம் செலவைக் குறைக்கிறோம் என்று கோரிக்கையாளர்களை ஓஹிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் முழுக்க மத்திய அரசின் இடைக்காலத் திட்டத்தில் போய் விழுந்தார்கள். 90களின் நடுவில் வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தத் திட்டத்துக்குக் காட்டும் படம் ஒட்டிய பத்திரத்தை 'பிரவுன் பேப்பர்' என்போம், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, பிறகு லமினேட் பண்ணிக்கொண்டு திரிந்தோம்.

அந்த மூன்று மாதக் காத்திருப்பும் அப்போது வந்ததா?

ஆம், அதே 1994. பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கையில் இருந்தாலும் ஒன்ராறியோவுக்கு வந்து மூன்று மாதம் ஓஹிப் இல்லை. இரண்டாவது மாதத்தில் பிள்ளை பிறந்து, வைத்தியசாலைக் கணக்கை வருடக்கணக்காக மாதம் மாதம் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும். இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2001இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் காத்திருப்பு செல்லும் என்றது. கடைசியில் அதை எடுத்தது கொவிட். 2020 மார்ச்சில் கைவிட்டார்கள், ஒன்ராறியோவில் இப்போது இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடங்களில் இன்னும் உண்டு, அங்கே போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2012இல் வெட்டினார்கள் என்கிறார்களே, என்ன வெட்டினார்கள்?

2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வன்கூவர் தீவுக்கு வந்ததில் இருந்து தொடங்கவேண்டும். குழந்தைகளோடு தாய்மாரையும் தடுப்பில் வைத்தார்கள். ஆட்கடத்தல், போலி அகதி என்ற பேச்சு நாடு முழுக்க எழுந்தது, அந்தக் காற்றில்தான் அகதிச் சட்டங்களை இறுக்கினார்கள். 2012 ஏப்ரலில் குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனி இடைக்காலத் திட்டத்தை வெட்டுவதாக அறிவித்தார், ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கனடியருக்குக் கிடைக்காத மருந்தும் பல் வைத்தியமும் அகதிக்கு எதற்கு, ஐந்து வருடத்தில் 100 மில்லியன் டொலர் மிச்சம் என்பது அரசாங்கத்தின் நியாயம். மாகாண உதவிப்பணம் எடுக்கிற கனடியருக்கு மருந்தும் பல்லும் கிடைக்கிறது, அகதிக்குக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

வெட்டின் விதம் இன்னும் மோசம். ஒரே திட்டத்துக்குள் ஆட்களைத் தரம் பிரித்தார்கள். அரசாங்கமே அழைத்துவந்த அகதிகளுக்கு முழுதும் உண்டு. சாதாரணக் கோரிக்கையாளருக்கு அவசியமான வைத்தியர், வைத்தியசாலை உண்டு, மருந்து கிடையாது, அவருடைய வருத்தம் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால் தவிர. இலங்கைத் தமிழர் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நின்றார்கள். 'பாதுகாப்பான நாடு' என்று பட்டியலிட்ட ஹங்கேரி, மெக்சிக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்தவருக்கும், கோரிக்கை மறுக்கப்பட்டவருக்கும் வைத்தியரைப் பார்ப்பதே கிடையாது, தொற்று ஆபத்து இருந்தால் ஒழிய.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். காசநோய் என்றால் மருந்து உண்டு, நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லை, ஏனென்றால் சீனி வருத்தம் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொற்றாது. பிரசர் குளிசையும் இல்லை. ஹங்கேரியிலிருந்து வந்த ரோமா இனக் கர்ப்பிணிக்கு மாதாந்தப் பரிசோதனை இல்லை. 1832இன் குறோஸ் ஈல் யோசனைதான் இது: உன் உடம்பு எங்களுக்கு ஆபத்தா, அப்படியானால் பார்க்கிறோம்.

யார் எதிர்த்தது? எங்கள் ஆட்களா?

எங்கள் ஆட்களில் பலர் கேஸ் முடியாத பயத்தில் வாய் திறக்கவில்லை, அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. முன்னுக்கு நின்றது வைத்தியர்கள். வெள்ளைக் கோட்டோடு தெருவுக்கு வந்தார்கள், அமைச்சர்கள் பேசும் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள், 2012 ஜூன் 18இல் நாடு முழுக்கப் பல நகரங்களில் ஒரே நாளில் போராட்டம். ரொறன்ரோவில் பிலிப் பேர்கர், மெப் ரஷீத் போன்ற வைத்தியர்கள் சேர்ந்து 'அகதிகள் நலனுக்கான கனடிய வைத்தியர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சாதாரணமாக வைத்தியர் சங்கங்கள் தெருவுக்கு வருவதென்றால் கட்டண விஷயமாகத்தான் இருக்கும். தங்களுக்கு ஒரு சதம் வராத விஷயத்துக்காக அவர்கள் நின்றதை நான் மறக்கமாட்டேன்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2014 ஜூலை 4இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டாவிஷ் தீர்ப்புச் சொன்னார். வழக்கில் இருந்தவர்களில் ஒருவர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீரிழிவு நோயாளி. கோரிக்கை மறுக்கப்பட்டது, ஆனால் அங்கே நிலைமை மோசம் என்று கனடாவே அவரைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தது. அனுப்பவும் மாட்டார்கள், இன்சுலினும் தரமாட்டார்கள். வைத்திய நிலையத்தில் கிடைத்த இலவச மாதிரி மருந்தில் அவர் நாளை ஓட்டினார். இந்த வெட்டு உரிமைகள் சாசனத்தின் 12ஆம் பிரிவு தடைசெய்யும் கொடூரமான, வழக்கத்துக்கு மாறான நடத்தை என்றும், பிறந்த நாட்டைப் பார்த்துப் பாகுபாடு காட்டுகிறது என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தப் பிரிவு சிறைக்கைதிகள் வழக்குகளில்தான் அதிகம் பேசப்படும். வைத்தியத்தை வேண்டுமென்றே மறிப்பதும் அதற்குள் அடங்கும் என்றதுதான் பெரிய விஷயம்.

ஆனாலும் உடனே எல்லாம் திரும்பவில்லை. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது, 2014 நவம்பரில் அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்தது. தீர்ப்புக்கு முன்பே, 2014 தொடக்கத்தில், ஒன்ராறியோ தன் செலவில் ஒரு தற்காலிகத் திட்டம் போட்டு ஓட்டையை அடைத்தது. 2015இல் ஆட்சி மாறியது, 2016 ஏப்ரல் 1இல் முழுத் திட்டமும் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட நான்கு வருடம். நான்கு வருடம் பிரசர் குளிசை ஒழுங்காகப் போடாத ஒருவருக்கு 2016இல் குளிசையைத் திருப்பிக் கொடுத்தால் சிறுநீரகம் திரும்ப வருமா?

ஒரு பத்திரமும் இல்லாதவர் என்ன செய்வது?

இதற்குச் சட்டத்தில் நல்ல பதில் இன்னும் இல்லை. நெல் டூசெயின்ற் என்ற பெண்ணின் வழக்கைச் சொல்கிறேன். கிறெனடாவிலிருந்து 1999இல் வருகையாளராக வந்தவர், தங்கி வேலைசெய்தார், 2006 அளவில் கடும் சுகவீனம். 2009இல் இடைக்காலத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்டார், மறுத்தார்கள். அவருடைய உயிருக்கு ஆபத்து உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆனாலும் மறுத்தது சரி என்றது. மேல் நீதிமன்றத்திலும் தோல்வி. அவர் விடவில்லை, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 2018இல் அந்தக் குழு, கனடா அவருடைய வாழும் உரிமையை மீறிவிட்டது, இனி இப்படி நடக்காமல் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்றது. கனடா அதை ஏற்று நடக்கவில்லை. 2023 ஜனவரியில் அவர் காலமானார்.

நடைமுறையில் என்ன இருக்கிறது என்றால், ஒன்ராறியோவில் சமூக சுகாதார நிலையங்கள் அட்டை இல்லாதவரையும் பார்க்கும், அதற்கென்று நிதி உண்டு, காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதுதான் கஷ்டம். கர்ப்பிணிகள் மருத்துவிச்சியிடம் போகலாம், ஓஹிப் இல்லாவிட்டாலும் ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு அவர்கள் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஸ்காபரோவிலேயே போல் கோல்ஃபோர்ட் என்ற வைத்தியர் 2000ஆம் ஆண்டளவில் தொண்டர்களோடு தொடங்கிய கிளினிக் இன்றும் நடக்கிறது, காப்புறுதி இல்லாதவர்களுக்காகவே. கியூபெக்கில் 2021 செப்டெம்பரிலிருந்து பெற்றோரின் நிலை என்னவாக இருந்தாலும் பிள்ளைக்கு மாகாணக் காப்புறுதி உண்டு.

கொவிட் நேரத்தில் எல்லோருக்கும் பார்த்தார்களே, அது எங்கே போனது?

2020 மார்ச்சில் ஒன்ராறியோ, காப்புறுதி இல்லாதவர் வைத்தியசாலைக்கு வந்தால் பணம் கேட்காமல் பாருங்கள், நாங்கள் தருகிறோம் என்றது. மூன்று வருடம் அப்படியே நடந்தது. 2023 மார்ச் 31உடன் நிறுத்திவிட்டார்கள். வைத்தியர்களும் தாதியரும் மன்றாடிக் கேட்டார்கள், தொடரவில்லை. செய்ய முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்லமுடியாது, மூன்று வருடம் செய்து காட்டியாயிற்று.

அம்மா அப்பாவை சூப்பர் வீசாவில் கூப்பிட்டால் ஓஹிப் கிடைக்குமா?

கிடைக்காது. அது பெற்றோர் நீண்ட காலம் தங்கிப் போகத் தரும் வருகையாளர் வீசா. 2011 டிசம்பரில் அது தொடங்கியதில் இருந்தே, குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் வைத்தியக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள வருத்தங்கள் பற்றிய பகுதியைத் தயவுசெய்து வாசியுங்கள். அப்பாவுக்குப் பத்து வருடமாகப் பிரசர் இருப்பதை எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு நெஞ்சுவலி வந்தபோது காப்புறுதி கையை விரித்த வீடுகள் இருக்கின்றன.

வருத்தக்காரருக்கு பி.ஆர். தரமாட்டார்களா?

பொதுச் சுகாதாரச் செலவுக்கு 'அளவுக்கு மீறிய சுமை' என்று கருதினால் மறுக்கலாம். அகதிகளுக்கும், ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன், மனைவி, சிறு பிள்ளைகளுக்கும் இந்தத் தடை பொருந்தாது, இதைத் தெரியாமல் கவலைப்படுகிறவர்கள் அதிகம். 2018இல் அந்தச் செலவு எல்லையை மூன்று மடங்காக உயர்த்தினார்கள், விசேட கல்வி போன்ற செலவுகளைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முன்னால், ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருந்தால் முழுக் குடும்பத்தையும் மறுக்கக்கூடிய நிலை இருந்தது.

பிரவுன் பேப்பரைக் காட்டினால் சில கிளினிக்கில் எடுக்கமாட்டோம் என்கிறார்களே?

போன குளிர்காலம் ஓர் அம்மாவோடு போனேன். ஐம்பத்தெட்டு வயது, சீனி வருத்தம், காலில் ஆறாத புண். பத்திரத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, அதை ஒரு துவாயால் சுற்றி, கைப்பைக்குள் வைத்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், 'ஹெல்த் கார்ட் இல்லையா' என்றாள், நாங்கள் இதை எடுப்பதில்லை என்று திருப்பி நீட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நான் ஏதும் பிழையான பேப்பரைக் காட்டிப்போட்டனோ?" என்று கேட்டார்.

அவர் காட்டியது சரியான பேப்பர். பிழை எங்கே என்றால், இந்தத் திட்டத்தில் பணம் பெற ஒவ்வொரு கிளினிக்கும் கணக்குக் கையாளும் நிறுவனத்தில் தனியாகப் பதியவேண்டும். பலர் பதியவில்லை. 2012இல் யாருக்கு எது உண்டு என்று விளங்காமல் குழம்பி, செய்த வேலைக்குப் பணம் வராமல் போனதில் இருந்து, திட்டம் முழுதாகத் திரும்பிய பிறகும் சிலர் கிட்ட வரவில்லை. ஆகவே போகுமுன் தொலைபேசியில் 'ஐஎஃப்எச் எடுப்பீர்களா' என்று கேளுங்கள், மருந்தகத்திலும் அப்படியே. இப்போது புதிதாகக் கோரிக்கை வைப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது கோரிக்கை கிடைத்தது என்ற கடிதம்தான், அதற்கும் காப்பு உண்டு, அட்டை இல்லையென்று வீட்டில் இருக்கவேண்டாம். உயிராபத்து என்றால் எந்தப் பேப்பரையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த அம்மாவை அன்றைக்கே வேறு இடத்தில் காட்டினோம். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

இனி மருந்துக்குக் காசு கட்டவேண்டும் என்கிறார்களே?

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய அரசு அதை அறிவித்தது. 2026 மே 1 முதல் மருந்துச் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 4 டொலர், பல், கண், உளவள ஆலோசனை போன்றவற்றின் செலவில் 30 சதவீதம் நோயாளி கட்டவேண்டும். வைத்தியரைப் பார்ப்பதும் வைத்தியசாலையும் பழையபடி. நாலு டொலர்தானே என்று சிலர் சொல்கிறார்கள். சீனி, பிரசர், கொலஸ்ரரோல் மூன்றும் உள்ள ஒருவர் மாதம் ஆறேழு மருந்து எடுப்பார், வேலை அனுமதி வராத முதல் மாதங்களில் இருபத்தெட்டு டொலர் என்பது ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமானில் பாதி. யாராவது மருந்தைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், சமூக சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கட்ட வழியில்லை என்பதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். மலிவான மாற்று மருந்து எழுதவோ, மூன்று மாதத்துக்கு ஒரே சீட்டாக எழுதவோ அவரால் முடியும்.